கரையேறும் கற்கள்

ஜனவரி 9

தாத்தாவுக்கு,

இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. பழியை நாலு மாடிப் படிக்கட்டின் மேல் போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு நடக்கிறாள். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன் செய்தால் இரண்டு முறை "ஆங்?" என்கிறீர்கள், மூன்றாவது முறை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிற ஆள் யாராவது கிடைத்தால் படிக்கச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் உயிரியல் டீச்சர், ஆற்றோரம் நடந்து நீர்நாய் இருக்கிறதா என்று தேடும் குழுவில் இருக்கிறார். கோடை விடுமுறையில் மாணவர்களையும் இரண்டு வாரம் முகாமுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு மைல் கரை. எந்த மைல் என்று நாங்களே சொல்லலாம். நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பா காவல் இருந்த மீன் பண்ணையில கூட்டங்கூட்டமா இருந்துச்சு. எங்கெங்க கரையேறும்னு அவருக்குத்தான் தெரியும்." பதினாறு வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்றால், "நீ கேட்டியா?" என்கிறாள்.

அப்பா இந்த ஒரு முறைக்குத்தான் சம்மதித்திருக்கிறார். "ஒரு காலடியாவது கிடைச்சா பாக்கலாம். ஒண்ணுமில்லன்னா அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஆத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. டியூஷன்தான்." எதுவும் கிடைக்காத மைலுக்கு நேரே வரைபடத்தில் "இல்லை" என்று எழுதவேண்டுமாம். அந்தச் சொல்லை என் கையால் எழுத எனக்கு மனமில்லை.

அவை எங்கே கரையேறும், தாத்தா?

நீங்கள் வைத்த பெயரிலேயே,
நண்டு


ஜனவரி 24

நண்டுக்கு, தாத்தா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு டெய்லர் எழுதுவது.

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன், இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. உன் அம்மாவை வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொல். உன் அப்பாவுக்கு வேலை எப்படிப் போகிறது என்று எழுது.

உன் கடிதத்தை டெய்லர் மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை அவர் தேவைப்படவில்லை. நானே சொன்னேன், அவர் தாளைப் பார்த்துக்கொண்டு சரி சரி என்று தலையாட்டினார். எழுத்து எனக்கு வராது. காதில் விழுந்தது போகாது.

ஆறு வளைகிற இடத்தில் எட்டுக் குளங்கள் வெட்டி, மதகு வழியாகத் தண்ணீர் விட்டு மீன்குஞ்சு வளர்த்தார்கள். நான் கரைக்காவல். முப்பத்தொரு வருஷம். விடியும்போது ஒரு சுற்று, வெயில் சாயும்போது ஒரு சுற்று.

வெயில் சாயும்போதுதான் அவை வரும். முதலில் சத்தம். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போல. பிறகு தண்ணீரில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு தலை, அதற்குப் பின்னால் இன்னொன்று. மொத்தம் பத்து. ஒன்று முங்கும்போது அடுத்தது எழும். தூரத்திலிருந்து பார்த்தால் பத்து என்று தெரியாது, ஒரே நீளப் பிராணி ஆற்றைத் தைத்துக்கொண்டு போவது போல இருக்கும். (தைப்பது டெய்லர் சேர்த்தது. நான் சொன்னது "போகிறது" என்று மட்டும்தான். கேட்க நன்றாக இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.) அந்த நேரம் தண்ணீருக்கும் ஆகாயத்துக்கும் ஒரே நிறம். எது கரை எது நிழல் என்று கண்ணுக்குப் பிடிபடாது. நான் தடியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நிற்பேன். மீசையில் தண்ணீர் சொட்ட அவை என்னைப் பார்க்கும். இதுவும் ஒரு மரம் என்று முடிவு கட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது ஒரு சந்தோஷம் வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது, என்னை மரம் என்று நினைத்தது என்றா?

கண்ட இடத்தில் கரையேறாது. ஐந்து கல். காவல்காரர்கள் துணி துவைத்த சோப்புக்கல் ஒன்று. அதிலிருந்து ஆற்றோடு கீழே நூற்றிருபது எட்டு நடந்தால் ஆமைக்கல். பிறகு மூன்றாம் மதகுக்கு எதிரே இரட்டைக்கல். வளைவில் கோணக்கல். ஐந்தாவதற்குப் பெயர் கிடையாது, பாதி தண்ணீருக்குள் இருக்கும். கல்லின் மேல் எச்சம் போட்டுவிட்டுப் போகும், அதில் மீன்செதில் மின்னும். ஒரே கல், ஒரே பக்கம், தினமும். மனிதனுக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இப்போது இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. வேலையை விட்டு இருபது வருஷமாகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீரில் இறங்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

தாத்தா (கைநாட்டு)


பிப்ரவரி 8

தாத்தாவுக்கு,

நலமா? அம்மா ஒற்றடம் கொடுத்துக்கொண்டாள். வலி குறைந்ததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள், ஆனால் தண்ணீர்க் குடத்தை அவளே தூக்குகிறாள்.

உங்கள் கடிதத்தை டீச்சரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இவர் படிச்சிருந்தா நாமெல்லாம் வேற வேலை தேடியிருக்கணும்" என்றார். நான் பெரிய தாளில் ஆற்றின் வளைவு, எட்டுக் குளம், ஐந்து கல் எல்லாம் வரைந்து கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். காலையில் கண் விழித்தால் கூரை தெரிவதற்கு முன்னால் கோணக்கல் தெரிகிறது. பஸ்ஸில் நிற்கும்போதுகூட என் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுவது போல இருக்கிறது. போன வாரம் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

இரண்டு கேள்வி. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பத்தும் ஏன் போய்விட்டன? அம்மாவுக்கு நினைவிருப்பதெல்லாம் அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருநாள் அவை இல்லாமல் போனதுதான்.

உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். அதனால் முழுசாகச் சொல்லுங்கள்.

நண்டு


பிப்ரவரி 27

நண்டுக்கு, தாத்தா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு டெய்லர் எழுதுவது.

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்தையும் உன் பெற்றோர் சுகத்தையும் நாடுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் என்னவென்றால், இயற்கை அன்னையின் மடியில் வருவதும் போவதும் சகஜம். ஒரு வருஷம் வந்தன, மறு வருஷம் வரவில்லை. எங்கே போயின என்று ஓடுகிற தண்ணீரைத்தான் கேட்கவேண்டும். பறவைக்கு வானம் போல நீர்நாய்க்கு ஆறு. நீ நன்றாகப் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பதே என் ஆசை.

இப்படிக்கு உன் நலம் விரும்பும்
தாத்தா (கைநாட்டு)


மார்ச் 3

பேத்திப் பிள்ளைக்குக் கீழ்வீட்டு டெய்லர் எழுதுவது. இது உன் தாத்தாவுக்குத் தெரியாமல் எழுதுவது. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கண்தான் கொஞ்சம் மங்கல், ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும்.

போன கடிதத்தில் இருந்தது உன் தாத்தா சொன்னது இல்லை. நான் எழுதியது. அவர் சொன்னது வேறு. இரண்டு மணி நேரம் சொன்னார். பண்ணையில் நடந்த ஒரு விஷயம், நல்ல விஷயம் இல்லை. கேட்டுக்கொண்டே பேனாவை ஓட்டினேன், ஆனால் எழுதவில்லை. அவர் முடித்ததும் தாளை அவர் முன்னால் வைத்தேன், பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தமாக வைத்தார். அன்றைக்குப் பகல் முழுக்க என் கடை பெஞ்சிலேயே படுத்துத் தூங்கினார். பன்னிரண்டு வருஷமாக அவரை எனக்குத் தெரியும், அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

நான் முப்பத்தெட்டு வருஷமாகத் துணி வெட்டுகிறேன். நல்ல துணியில் ஓரிடத்தில் கறை இருந்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு மீதியில் சட்டை தைப்போம். போட்டுக்கொள்கிறவனுக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் தினமும் முகம் மழிக்கிறார். அந்தக் கதையைப் படித்தால் நீ கடிதத்தை நிறுத்திவிடுவாய். பிறகு அவருக்கு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன், ஆனால் என்னை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே நீர்நாய் ஏன் போனது என்று மறுபடி கேட்காதே. வேறு ஏதாவது கேள். தவளை பற்றிக் கேள், நிறையச் சொல்வார்.

டெய்லர்


மார்ச் 15

தாத்தாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அப்பா எனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கித் தந்தார். வாங்கித் தந்துவிட்டு, "இதுவே கடைசி" என்றார். அப்பாவின் எல்லாக் கடைசியும் அப்படித்தான் தொடங்கும் என்று அம்மா சொல்கிறாள்.

ஏப்ரல் 20 முதல் மே 5 வரை முகாம். மைல் பதினேழு எனக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் ஐந்து கல்லும் அதற்குள் வருகின்றன. முகாம் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அந்த இடத்தைப் பற்றி இன்னும் ஏதாவது நினைவுக்கு வந்தால், எதுவானாலும், சொல்லுங்கள்.

நண்டு

(தனிச்சீட்டு, டெய்லர் மாமாவுக்கு: நீங்கள் தாத்தா மேல் வைத்திருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சட்டை கேட்கவில்லை, துணியைக் கேட்டேன். பார்த்ததில் ஒரு பகுதியை விட்டுவிட்டுச் சொன்னால், பார்க்காதவர்கள் தப்பான இடத்துக்குப் போவார்கள் என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். தாத்தா சொன்னதை எழுதி அனுப்புங்கள்.)


ஏப்ரல் 27, முகாம்

தாத்தாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? டெய்லர் மாமா பதில் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை.

பண்ணை இப்போது இல்லை. எட்டுக் குளங்களில் ஆறு குளங்கள் தூர்ந்து புல்வெளியாகிவிட்டன, இரண்டில் பாசி. மதகுச் சக்கரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. ஆனால் ஐந்து கல்லும் அப்படியே இருக்கின்றன. ஆமைக்கல் சோப்புக்கல்லிலிருந்து என் எட்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு. விடிவதற்கு முன்பே போய் உட்காருகிறேன். மூடுபனி தண்ணீரின் மேல் மெதுவாக நகரும், அதற்குள் ஏதோ ஒன்று தலையைத் தூக்குவது போலிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால் மிதக்கிற கட்டை. நேற்று அந்தக் கட்டையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கட்டை என்று தெரிந்த பிறகும்.

எட்டு நாள். ஐந்து கல்லையும் தினமும் இரண்டு முறை பார்த்தாயிற்று. ஒரு செதில்கூட இல்லை. மற்ற மைல்காரர்கள் மாலையில் டீ குடிக்கும்போது, "பதினேழு என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். பூட்ஸில் கல் விழுந்துவிட்டதென்று குனிந்துகொள்கிறேன்.

இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. நான் எங்கே தேடவேண்டும், தாத்தா?

நண்டு


ஏப்ரல் 30

நண்டுக்கு, தாத்தா சொல்லச் சொல்ல எதிர் மருந்துக்கடை அம்மா எழுதுவது. இந்த அம்மா நான் சொன்னதை மட்டும்தான் எழுதுவார். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை, ஒரு சொல் கூட்ட மாட்டார்.

நீ நன்றாக இருக்கவேண்டும். பனியில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் மார்ச் கடிதத்தை டெய்லர் எனக்குப் படித்தபோது, அதில் நீ, "பரவால்ல தாத்தா, அது உங்க வேலை, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லியிருந்தாய். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நாளே இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். அப்போது, "நடந்தது நடந்துபோச்சு தாத்தா, மனச விட்டுடுங்க" என்று படித்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாவதாக ஒன்று வந்தது. தாளில் இருக்கிற எழுத்து இடம் மாறாது என்று எழுத்துத் தெரியாத எனக்கே தெரியும். ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. அந்த மூன்றில் ஏதாவது ஒன்று உண்மையாக இருக்கட்டும் என்று ஒரு மாதத்தை ஓட்டினேன். அது என் தப்பு.

இன்று காலை உன் முகாம் கடிதம் வந்தது. நேரே மருந்துக்கடைக்கு எடுத்துப் போனேன். "ஒரு செதில்கூட இல்லை" என்று இந்த அம்மா படித்தார். நான் உனக்குச் சொன்னது எதுவும் உன்னிடம் வரவில்லை என்று அப்போது தெரிந்தது. டெய்லரிடம் போய், "எதை வெட்டினே?" என்று கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாத்தையும்" என்றார்.

இப்போது சொல்கிறேன்.

பண்ணையில் பெரிய மோட்டார் எரிந்துபோன வருஷம். நாற்பத்திரண்டு வருஷமாகிறது. அந்த வருஷம் மீன்குஞ்சு பாதிக்கு மேல் காணவில்லை. பண்ணை ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். "எங்கெங்க கரையேறுதுன்னு உனக்குத்தான்யா தெரியும்" என்றார். உன் முதல் கடிதத்தில் உன் அம்மா சொன்னதாக அதே பேச்சு வந்தபோது டெய்லரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். அவர் எனக்கு இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஆபீசருக்கு ஐந்து கல்லையும் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் கேட்டபோது, எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதுதான் உண்மை. வேலை போய்விடும் என்ற பயம் அதற்குப் பிறகு வந்தது.

கல்லுக்கு ஒரு இரும்புப் பொறி, தண்ணீருக்கு நாலு விரல் கீழே, அவை கால் வைக்கிற பக்கம். வைத்ததும் நான், எடுத்ததும் நான். என்னைக் கண்டு ஓடவில்லை. மரம் என்றுதானே நினைத்திருந்தன. பத்தொன்பது நாளில் ஒன்பது.

பத்தாவது தாய். இருபதாம் நாள் விடியற்காலை மேல் மதகுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. மேல் வாய்க்காலுக்குப் போகிற கதவு மூடியிருந்தது. அது கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றினேன். கதவு ஒரு முழம் மேலே எழுந்தது. போய்விட்டது. ஆபீசரிடம், "பத்தும் முடிஞ்சுதுங்க, ஒண்ணு ஆழத்துல போயிடுச்சு" என்றேன். உன் அம்மா, "அதெல்லாம் எங்க போச்சுப்பா?" என்று கேட்டாள். "வேற தண்ணி தேடிப் போயிடுச்சு கண்ணு" என்றேன்.

மேல் வாய்க்கால் ஒன்றரை மைல் போய்ப் பழைய குட்டையில் விழும். அங்கே அந்தக் காலத்திலேயே ஆள் உயரத்துக்குக் கோரைப்புல். நீ கல்லில் தேடாதே. கல்லை நம்பக் கூடாது என்று அது குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். மேலே போய்ப் பார்.

ஒன்றைத் திறந்துவிட்டேன் என்பதற்காக ஒன்பதில் எதையும் கழித்துவிடாதே.

இந்த அம்மா இதை விரைவு அஞ்சலில் போடுகிறார். தலையை மூடிக்கொண்டு போ.

தாத்தா (கைநாட்டு)


மே 4, முகாம்

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. நாளை ஒரு நாள் இருக்கிறது. டீச்சரும் நானும் மேல் வாய்க்காலுக்குப் போகிறோம்.

குழுவின் படிவத்தில் இறந்துபோன விலங்குகளுக்கு ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். எந்தக் கல். ஆணா, பெண்ணா. வளர்ந்ததா, குட்டியா. உடலில் ஏதாவது அடையாளம். தகவல் தருபவருக்கு அது எப்படித் தெரியும்.

யார் படித்துக் காட்டினாலும் உள்ளதை உள்ளபடி படிக்கவும்.


மே 13

நண்டுக்கு, தாத்தா சொல்லச் சொல்ல டெய்லர் எழுதுவது. மருந்துக்கடை அம்மாவுக்குக் கூட்டம், அதனால் டெய்லர். இந்த முறை ஒவ்வொரு வரியையும் திருப்பிப் படிக்கச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் தபாலில் போடுமுன் அந்த அம்மாவிடம் படிக்கக் கொடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நீ நலம் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொள்கிறேன். சுகமாக இருக்கிறாயா?

முதலாவது சோப்புக்கல்லில். ஆண், வளர்ந்தது, இடது காது கிழிந்திருக்கும். கூட்டத்தில் எப்போதும் முதலில் கரையேறுவது அதுதான், அதனால் முதலில் மாட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நாள், இரட்டைக்கல்லில் ஒன்று, ஆமைக்கல்லில் ஒன்று. இரண்டும் பெண். ஆமைக்கல்லில் இருந்ததற்கு மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளி.

நாலாவது கோணக்கல்லில், ஆண், வயதானது, பற்கள் தேய்ந்திருந்தன. அதனால் மீன்குஞ்சு நிறையத் தின்றிருக்க முடியாது. அப்போதே ஆபீசரிடம் இதைச் சொன்னேன். "பல்லு பாத்தா பொறி வெக்கிறோம்?" என்றார்.

ஐந்து, ஆறு, ஏழு, மூன்றும் அந்த வருஷத்துக் குட்டிகள். பெயர் இல்லாத கல்லில். ஒன்று மாட்டினால் அதைத் தேடி அடுத்தது வரும். ஆறாவது மாட்டியதும் அந்தக் கல்லில் பொறியை எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. இரண்டு ஆண், ஒரு பெண். ஆண் குட்டி ஒன்றுக்கு வாலின் நுனி வளைந்திருக்கும், பிறப்பிலேயே.

எட்டாவது சோப்புக்கல். பெண். வயிற்றில் தழும்பு, வலைக்கயிறு அறுத்தது. ஒன்பதாவது ஆமைக்கல், ஆண், அடையாளம் ஒன்றும் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் இல்லை. அதற்காகவே அது அதிகமாக நினைவுக்கு வருகிறது.

தகவல் தருபவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். ஒன்பதையும் கையால் தூக்கியவன். அப்படியே எழுதிக்கொள்.

இதைச் சொல்லி முடிக்கும்போது டெய்லர் பேனாவை வைத்துவிட்டு, "அன்னிக்கே எழுதியிருந்தா அந்தப் பிள்ள எட்டு நாள் கட்டைய பாத்துக்கிட்டு உக்காந்திருக்காது இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். இதையும் எழுதச் சொன்னேன்.

நீ மேலே போய்ப் பார்த்தது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிவிக்கவேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

தாத்தா (கைநாட்டு)


ஜூலை 2

நண்டுக்கு, தாத்தா சொல்லச் சொல்ல டெய்லர் எழுதுவது.

நானும் இருமலும் சுகம். உன் அம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

ஏழு வாரம் தபால்காரர் என் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனார். தப்பு அவர் மேல் இல்லை என்றாலும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். முந்தாநாள் அவராகவே படியேறி வந்து உறையைக் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு கீழே டெய்லரிடம் வந்து பிரித்தேன். உள்ளே ஒரே தாள். டெய்லர் வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், உறையை உதறினார். "எழுத்தே இல்லையே" என்றார். பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

ஜன்னலோரம் விரித்து வைத்துக்கொண்டு நானே படித்தேன். எழுபத்தெட்டு வயதில் எனக்கு வந்த ஒரு கடிதத்தை நானே படித்தேன். இடையில் ஒருத்தரும் இல்லை.

ஐந்து விரல், நடுவே சவ்வு. வலது முன்கால். நடந்து போயிருக்கிறது, ஓடவில்லை. ஓடினால் நகம் ஆழமாக இறங்கும். அழுத்தம் விரல் பக்கம் இருக்கிறது, அப்படியென்றால் மேட்டைப் பார்த்து ஏறுகிறது. பின்னால் நீ வரைந்திருக்கிற நெளிந்த கோடு வால் இழுத்தது. பெண்ணாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் அந்தத் தடத்துக்குள்ளேயே, அதன் ஓரத்தை மிதித்துக்கொண்டு, சின்னதாக இன்னொரு கால். அதை நீ மெல்லிய கோட்டில் போட்டிருக்கிறாய், பென்சிலை அழுத்தவே இல்லை. குட்டி அம்மா கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் போயிருக்கிறது. சேற்றில் கால் புதையாமல் இருக்க அப்படித்தான் நடக்கும்.

தாளின் மூலையில் சேறு ஒட்டியிருக்கிறது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். மணல் இல்லை, வழவழவென்று இருக்கிறது. புதுத் தண்ணீர் கொண்டுவந்த வண்டல். மே மாதத்தில் அந்த வாய்க்காலில் வண்டல் கிடையாது. ஆக, முகாம் முடிந்த பிறகு நீ மறுபடி போயிருக்கிறாய். உன் அப்பா விட்டிருக்கிறார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

படித்துக்கொண்டே இருந்ததில் வெயில் சாய்ந்துவிட்டது. தாளும் ஜன்னலும் வெளியே இருந்த ஆகாயமும் ஒரே நிறமாகிவிட்டன. கோடுகள் மட்டும் மிதந்தன. கீழே தையல் மெஷின் நின்றுபோய் வெகுநேரமாகியிருந்தது. டெய்லர் படியேறி வந்து கதவோரம் நின்று, "என்னதான் சொல்றா?" என்று கேட்டார். "குட்டி போட்டிருக்காம்" என்றேன். "யாரு?" என்றார். அவருக்குச் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது.

தடத்துக்குப் பக்கத்தில் உன் கையை வைத்து அதையும் சுற்றி வரைந்திருக்கிறாய். எவ்வளவு பெரிசு என்று தெரிவதற்காக அப்படி வைப்பார்கள் என்று நேற்று மருந்துக்கடை அம்மா சொன்னார். டீச்சர் சொல்லிக்கொடுத்திருப்பார். அளவுக்குத்தான் வைத்தாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என் கை சுருங்கிவிட்டது. உன் நடுவிரல் என்னுடையதைத் தாண்டி நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். தோன்றும்போது இன்னொரு தாள் அனுப்பு. எழுத்து வேண்டாம்.

தாத்தா (கைநாட்டு)